பம்பு அறையில் செய்வினை

இரண்டாம் நீரேற்று நிலையத்தின் மாத அறிக்கையைப் பதினோரு மாதங்கள் நான்தான் எழுதினேன். பதினோரு மாதமும் ஒரே வரிதான்: "பழுது ஏதுமில்லை. நடவடிக்கை ஏதுமில்லை." எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. முதலாம் நிலையத்துக்கு அப்படி இல்லை. எந்தப் பம்பு எந்தத் தேதியில் படுத்தது, எத்தனை மணி நேரம் தண்ணீர் நின்றது, யார் ஓடி வந்தார், எப்படிச் சரிசெய்தார் என்று இரண்டு பக்கம் ஓடும். அதை முடித்துவிட்டு இரண்டாம் நிலையத்துக்கு வரும்போது எனக்கு அப்பாடா என்றிருக்கும்.

அந்த ஒற்றை வரி ஒரு பெண்ணின் பன்னிரண்டு வருட வேலைக்கு வேட்டு வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் என் மேசைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு சுவர்.

எங்கள் பிரிவு அலுவலகம் இரண்டாம் நிலையத்துப் பம்பு அறையை ஒட்டியே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பச்சைப் பம்புகள், ஈரத்தரை, தலைக்கு மேல் துருப்பிடித்த சங்கிலி. இந்தப் பக்கம் இரண்டு மேசை, ஒரு அலமாரி, நான், பிரிவு அதிகாரி. முதலாம் நிலையத்துக்கு எப்போதாவது போனால், அங்கே மேசைமேல் வைத்த டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். பேனாவை வைத்தால் உருண்டு ஓடும். எங்கள் பக்கம் டீ ஆடாது. கட்டடம் நல்ல கட்டடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கியவனின் புத்தி அவ்வளவு தூரம்தான் போயிற்று.

டீயை ஆடாமல் வைத்திருந்தவர் அக்கா. பதவிப் பெயர் பொருத்துநர். மற்றவர்கள் வைத்த பெயர் டாக்டரம்மா. கைப்பிடி மரத்தால் ஆன ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் எப்போதும் அவர் கையில் இருக்கும். நுனியைப் பம்பின் பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உள்ளே உருளும் ஒவ்வொரு குண்டும் அவர் காதில் பேசும். "மூச்ச இழுத்து விடச் சொல்லுங்க டாக்டரம்மா" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கிண்டலடிப்பான். "நீ வாய மூடினாதான் எனக்குக் கேக்கும்" என்பார் கண்ணைத் திறக்காமல்.

வயது நாற்பத்து நான்கு. தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர் வகுப்பில் நாற்பது பேரில் ஒரே பெண். கனமான வேலை இவளுக்கு ஆகாது என்று, கருவிகள் எடுத்துக் கொடுக்கும் மேசையில் அவரை உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் உட்கார்ந்தார். எழுந்தபோது எந்த ஸ்பேனர் எந்த அளவு என்பது கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலுக்குத் தெரிந்திருந்தது. இங்கே வேலைக்கு வந்ததும் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் பம்பு அறையைக் கூட்டினார். காலையில் தரையில் எண்ணெய்ச் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு அகலம் என்று பார்த்துப் பார்த்தே எந்தப் பம்புக்கு என்ன நோய் என்று சொல்லப் பழகிக்கொண்டார். ஒரு நாள் அப்போதிருந்த பொருத்துநரிடம், "ரெண்டாம் பம்பு மூணு நாள் தாங்காது" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாம் நாள் பம்பு படுத்தது. அதன்பிறகு அவர் சிரிப்பதையும் விட்டார், வேலையையும் விட்டார். ஸ்பேனரை இவர் கையில் கொடுத்துவிட்டு நாளிதழோடு வாசலில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஓய்வு பெற்றதும் அக்கா தேர்வு எழுதி அந்த இடத்துக்கு வந்தார். வந்து பன்னிரண்டு வருடம். பம்பு நின்று தண்ணீர் வராத நாள் என்று ஒரே ஒரு நாள். அன்றும் மின்சாரம்தான் போயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிரிவு அதிகாரி படித்தார், தொண்டையைக் கனைத்தார், என்னிடம் நீட்டினார்.

"நீ குடுத்துடுப்பா. எனக்கு ஒரு போன் பண்ணணும்."

பம்புச் சத்தம் குறைவாக இருக்கும் வாசல் பக்கம் அக்காவை அழைத்து வந்து கொடுத்தேன். அக்கா விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கடந்த ஓராண்டில் இரண்டாம் நிலையத்தில் எவ்விதப் பராமரிப்பு நடவடிக்கையும் மேற்கொள்ளப்படவில்லை என்பது மாத அறிக்கைகளிலிருந்து தெரியவருவதால், அங்குள்ள பொருத்துநர் பணியிடம் உபரி எனக் கருதப்படுகிறது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவர் மீட்டர் கிடங்குக்கு மாற்றப்படுகிறார். கருவிப் பெட்டி முதலாம் நிலையத்திடம் உடனே ஒப்படைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கப்படலாம்.

மீட்டர் கிடங்கு எனக்குத் தெரியும். செத்துப்போன தண்ணீர் மீட்டர்களுக்கு எண் ஒட்டி அடுக்கும் தகரக் கொட்டகை. அங்கே காதுக்கு ஒரு வேலையும் கிடையாது.

"'மாத அறிக்கைகளிலிருந்து'ன்னு போட்டிருக்கே. அத எழுதறது யாரு?"

"நான்தான்க்கா."

"என்ன எழுதின?"

சொன்னேன்.

"ஏதுமில்லையா?" அக்காவின் குரல் பம்புச் சத்தத்துக்கு மேலே போயிற்று. "நேத்து காலையில கையெல்லாம் கிரீஸோட வந்து உன்கிட்டதானே துணி கேட்டேன்? அப்ப நான் உள்ள ஏதுமில்லாமத்தான் பொரட்டிட்டு இருந்தேனா?"

"பழுது வந்தாதான்க்கா எழுதறதுக்குக் கட்டம் இருக்கு. பழுது இல்லன்னா நடவடிக்கையும் இல்லன்னு..."

"ஓ. நான் ஒடச்சு வெச்சிட்டு ஒட்ட வெச்சிருந்தா ஆளு. ஒடையாம பார்த்துக்கிட்டதால உபரி. அப்படித்தானே?"

எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எழுத்து என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விண்ணப்பம், மனு, கடிதம் எல்லாம் என் கைதான். அந்தக் கையால் ஒருவரை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை கருவிப் பெட்டியை எடுத்துப் போக மின்னல் வந்தான். முதலாம் நிலையத்தின் மெக்கானிக். பம்பு படுத்தால் பைக்கில் பறந்து வந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே குதிப்பவன், அதனால் மின்னல். தலைமை அலுவலகப் பலகையில் 'சிறந்த பணியாளர்' என்று அவன் படம் மூன்று முறை வந்திருக்கிறது. மூன்றிலும் முகத்தில் கரி.

கெட்டவன் இல்லை. பெட்டியைத் தூக்க அவனுக்கே கை வரவில்லை.

"அக்கா, நான் ஒரு ரகசியம் சொல்லவா? பம்ப ஒரு தடவ படுக்க விடு. ஊரே குடத்தோட வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் நீ போய்ச் சரி பண்ணு. மறுநாளே உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்க. எனக்கெல்லாம் அப்படித்தானே?"

"உன் பம்பெல்லாம் வேணும்னே படுக்க விடறியா?"

"சேச்சே! அது தானா படுக்குது."

"தானா எதுவும் படுக்காதுடா. நீ பார்க்காததால படுக்குது." அக்கா பெட்டியை அவன் பக்கம் தள்ளினார். "குடத்தோட நிக்கற கூட்டத்துல என் பொண்ணும் நிக்கும். என்னத் தூக்கறதுக்காக யார் வீட்டுக் குழாயையும் நான் காய விடமாட்டேன். எடுத்துட்டுப் போ."

நீள ஸ்க்ரூடிரைவரை மட்டும் தரவில்லை. "இது அலுவலகச் சொத்து இல்ல. இது என் காது" என்றார்.

அவன் போனதும் என்னைப் பார்த்தார். "எழுதத் தெரியும்ல உனக்கு? வா."

மூன்றாம் பம்புக்குப் பின்னால், ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிற சந்து. செல்பேசி விளக்கை அடித்தேன். தரையிலிருந்து தலை உயரம் வரை சுவர் முழுக்கப் பென்சில் எழுத்து. தேதி, பம்பின் எண், ஒரு சொல் அல்லது இரண்டு. 'மூணு முனகுது. கிரீஸ்.' 'ரெண்டு இருமுது. உறிஞ்சற வாயில பிளாஸ்டிக் பை.' 'ஒண்ணு கோணல். நேராக்கியாச்சு.' 'மூணு சூடு. பொய்ச் சூடு. வெயில்.' பன்னிரண்டு வருடம்.

"இதையெல்லாம் ஏன்க்கா பதிவேட்டுல எழுதல?"

"பழுதுக்குத்தான் பதிவேடுன்னு சொன்னாங்க. செவுரு எதுவும் சொல்லல."

மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து கடைசி ஒரு வருடத்து எழுத்தை மட்டும் படியெடுத்தேன். நூற்று நாற்பது பதிவுகள் தேறின. சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அவற்றை ஆட்சேபக் கடிதமாக்கி, ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சன்னலோரத் தையல் இயந்திரத்தில் அக்காவின் கணவர். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தரையில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாயில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் அக்கா தலையைச் சாய்த்து, "ரெண்ட நிறுத்திட்டு ஒண்ணப் போட்டுட்டாங்க" என்றார்.

"பார்த்தீங்களா தம்பி? ஞாயித்துக்கிழமையும் இவளுக்குப் பம்போடதான் குடித்தனம்" என்றார் தையல்காரர்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல குரலில் வாசித்தேன். "மூன்றாம் பம்பின் பேரிங்குக்குக் கிரீஸ் இடப்பட்டது. இரண்டாம் பம்பின் உறிஞ்சு குழாய் அடைப்பு அகற்றப்பட்டது. ஒன்றாம் பம்பின் கோணல் சரிசெய்யப்பட்டது..."

அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார். "யாரால?"

"எது யாரால?"

"இடப்பட்டதுன்னா யாரு இட்டது? பேயா?"

"அலுவலக நடை அப்படித்தான்க்கா. ஆள் வரக்கூடாது."

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். "தம்பி பட்டதாரி இல்லையா, அதான் எல்லாத்தையும் 'பட்டது பட்டது'ன்னே முடிக்கிறாரு!"

மகள் சிரித்த சிரிப்பில் நோட்டு நழுவி விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவர் அதோடு விடவில்லை. தைத்து முடித்த சட்டை ஒன்றை எடுத்துக் காலரைத் திருப்பிக் காட்டினார். உள்ளே சின்னத் துணித் துண்டில் அவர் கடைப் பெயர். "தையல் பிரிஞ்சா திட்டறதுக்கும் நான்தான், நல்லாயிருந்தா தேடி வர்றதுக்கும் நான்தான். உங்க அக்கா பாவம், பேர எதுல தைப்பா? தண்ணியிலயா?"

"அப்பா, இது செயப்பாட்டுவினை" என்றாள் மகள். "ஆள் தெரியணும்னா செய்வினையில எழுதணும். 'நான் கிரீஸ் வைத்தேன்.' அவ்வளவுதான். எங்களுக்குப் பரீட்சைக்கே வரும்."

"அப்போ செய்வினையிலயே எழுது தம்பி" என்றார் அக்கா. "நூத்தி நாப்பதுலயும் நான் இருக்கணும்."

என் அப்பா கைநாட்டு வைப்பவர். அதைப் பல வருடம் நான் மறைத்திருக்கிறேன். ஆனால் அப்பா வைத்த இடத்தில் அப்பாவின் கட்டைவிரல் இருந்தது. அது வேறொருவருடையது என்று யாரும் சொல்ல முடியாது. பட்டம் வாங்கிய மகன் எழுதிய காகிதத்தில் ஒரு மனித ரேகைகூட இல்லை. அன்று மாலையே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். 'கேட்டேன். முனகியது. கிரீஸ் வைத்தேன். முனகல் நின்றது.' நூற்று நாற்பது முறை.

திங்கட்கிழமை அதிகாரி அதைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னப்பா இது, வரிக்கு வரி நான், நான்? கட்சிக் கூட்டத்துப் பேச்சா?"

"செய்வினை சார்."

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் பம்பைப் போட்டார்கள். அதிகாரி காதில் கையை வைத்தார். "என்னது?"

நான் கத்தினேன். "டாக்டரம்மா வெச்சது செய்வினை சார்!"

வாசலில் தபால் பையோடு நின்ற தலைமை அலுவலக டிரைவரின் கண் பிதுங்கியது. நான் அதிகாரிக்கு இலக்கணம் விளக்கி முடிப்பதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"மாத்திக் கொண்டா" என்றார் அதிகாரி. "'பிரிவின் சீரிய கூட்டு முயற்சியால்'னு ஆரம்பி. 'நான்' எல்லாத்தையும் எடு."

"மாத்தாத" என்றார் வாசலில் நின்ற அக்கா. "ஆட்சேபம் என்னுது. அத அப்படியே அனுப்பறது உங்க வேல சார். உங்களுக்குப் பிடிக்கலன்னா அதையும் எழுதி அனுப்புங்க. எனக்கு ஆட்சேபமில்ல."

அனுப்பினார். மேலே சிவப்பு மையில் 'நடை ஏற்புடையதன்று' என்று குறிப்பெழுதித்தான் அனுப்பினார்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. இடமாற்றம் வந்த கோபத்தில் இரண்டாம் நிலையத்து டாக்டரம்மா செய்வினை வைத்துவிட்டார். எழுத்துமூலமாக. நூற்று நாற்பது தடவை. மறுநாள் காலை மின்னலிடமிருந்து போன் வந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, உண்மையச் சொல்லு. என் பம்பு மாசாமாசம் படுக்கறது நீ வெச்சதுதானா?"

"நான் வெச்சா படுக்காதுடா. நீ வெக்காததாலதான் படுக்குது."

"என்னத்த வெக்கணும்?"

"கிரீஸ்."

"அவ்வளவுதானா? எலுமிச்சம்பழம் எதுவும் வேணாமா?"

"ஜூஸ் போட்டுக் குடி. போன வை."

தலைமை அலுவலகத்துக்கு வருகிற ஆட்சேபங்களை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. எண் போட்டு அடுக்குவார்கள். இதைப் படித்தார்கள். செய்வினைக் காகிதம் எது என்று ஒருவர் மாற்றி ஒருவர் தேடி எடுத்துப் படித்திருக்கிறார்கள். கடைசியில் அது தலைமைப் பொறியாளர் மேசைக்குப் போயிற்று. அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு அவரே வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பேச்சு குறைவு, கண்ணாடி கனம். முதலாம் நிலையத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். பின்னாலேயே பைக்கில் மின்னல்.

"இங்க செய்வினை வெச்சது யாரும்மா?"

அதிகாரியின் முகத்தில் ரத்தம் வற்றியது. "அது வந்து மேடம், ஒரு தவறான..."

"நான்தான் மேடம்" என்றார் அக்கா.

"எத்தன வருஷமா?"

"பன்னெண்டு வருஷமா. வாரத்துக்கு ரெண்டு தடவ. பெட்டிய வாங்கிட்டதால நிறுத்திப் பதினோரு நாளாச்சு."

மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுவரைப் படித்தார். வெளியே வந்தபோது அவர் தோளில் சுண்ணாம்பு.

"எங்க பிரிவோட கூட்டு முயற்சி மேடம்" என்றார் அதிகாரி.

"பிரிவுக்கு எத்தன கை சார்?" என்றார் அக்கா. முழங்கைக்குக் கீழே நீளத் தழும்பு ஓடும் வலக்கையை நீட்டினார். "எனக்கு ரெண்டு. இந்தத் தழும்பையும் பிரிவு பங்கு போட்டுக்குமா?"

அதிகாரி சன்னலைப் பார்த்தார்.

"சுவத்துல யார் வேணும்னாலும் எழுதலாம்" என்றார் மேடம். "வேலையக் காட்டு."

அக்கா அதிகாரியிடம் திரும்பி, "சார், ஒரு காசு குடுங்க" என்றார். அதிகாரி குழம்பிப்போய்ப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். ஓடிக்கொண்டிருந்த ஒன்றாம் பம்பின் முதுகில் அக்கா அதைச் செங்குத்தாக, விளிம்பில் நிறுத்தினார். நின்றது. இரண்டாம் பம்பைப் போடச் சொல்லி அதன்மேலும் நிறுத்தினார். ஆணி அடித்ததுபோல நின்றது. "எங்க பம்பு மேல யானையே நிக்காது அக்கா" என்றான் மின்னல்.

மூன்றாம் பம்பு. நாணயம் நின்றது. சிலிர்த்தது. ஒரு பக்கம் சாய்ந்து விழுந்து, ஈரத்தரையில் உருண்டு போய் அதிகாரியின் காலடியில் படுத்தது.

அதிகாரி குனிந்து நாணயத்தை எடுத்துத் துடைத்தார். அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. "நான் அப்பவே சொன்னேன் மேடம்..."

அக்காவின் பன்னிரண்டு வருடமும் அந்த ஒரு காசோடு விழுந்துவிட்டதாக நினைத்தேன். அக்கா எங்களில் யாரையும் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பேரிங்கில் வைத்தார், தலையை ஆட்டினார். பம்பின் நான்கு கால்களிலும் ஒவ்வொன்றாக வைத்தார். நான்காவதில் நின்றார். கண்ணைத் திறந்தார்.

"பேரிங் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி இடது கால் போல்ட் தளர்ந்திருக்கு. அரைச் சுத்து." எழுந்து மேடத்தின் முகத்துக்கு நேராக நின்றார். "நான் வாரத்துக்கு ரெண்டு தடவ தொடறது இதத்தான் மேடம். பதினோரு நாள் தொடல. ஏதுமில்லன்னு எழுதுவீங்களே, அந்த ஏதுமில்ல இதுதான். எனக்குப் பெரிய ஸ்பேனர் வேணும்."

மேடம் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மின்னலைப் பார்த்தார். மின்னல் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். அக்காவின் கருவிப் பெட்டி அவன் பைக்கின் பின்னால் கட்டியபடியே இருந்தது. பதினோரு நாளாக இறக்கக்கூட இல்லை. பெட்டியை அப்படியே தோளில் தூக்கி வந்து வைத்தான்.

அக்கா கையைத் தூக்கிப் பம்பு இயக்குபவருக்குச் சைகை காட்டினார். பம்பு நின்றது. பெட்டியைத் திறந்து, பார்க்காமலேயே கையை விட்டுச் சரியான ஸ்பேனரை எடுத்தார். மண்டியிட்டு, முழு எடையையும் போட்டு அழுத்தினார். அரைச் சுற்று. எழுந்து மறுபடி சைகை காட்டினார். பம்பு ஓடத் தொடங்கியது.

"சார், காசு."

அதிகாரி கொடுத்தார். அக்கா நிறுத்தினார்.

நின்றது. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது எங்களைச் சட்டை செய்யாமல் நின்றது.

"இப்படியே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார் மேடம்.

"ஒரு மாசம் தாங்கியிருக்கும். அப்புறம் பேரிங் போயிருக்கும். பாதி ஊருக்குத் தண்ணி நின்னிருக்கும். இவன் பறந்து வந்து, ரெண்டு நாள் உருண்டு பொரண்டு சரி பண்ணியிருப்பான். பலகையில போட்டோ வந்திருக்கும்."

"நாலாவது" என்றான் மின்னல், தலையைச் சொறிந்துகொண்டு.

"இதையெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லல?"

"பன்னெண்டு வருஷமா செவுத்துக்கிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன் மேடம். காகிதத்துல எனக்கு இடம் எங்க இருக்கு? கெட்டுப் போனதுக்குக் கட்டம் போட்டிருக்கீங்க. கெடாம பார்த்துக்கிட்டதுக்கு ஒரு கட்டம் போடுங்க. அதுல செஞ்சது யாருன்னு பேர் வரணும். அதுக்கப்புறம் நான் உபரியா இல்லையான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. உபரின்னு எழுதினவங்க ஒரு நாளாவது இந்தப் பம்பு பக்கத்துல வந்து நின்னிருப்பாங்களா?"

"அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றார் மேடம்.

அக்காவின் குரல் ஒரு படிகூட இறங்கவில்லை.

"அப்போ உங்களுக்குத்தான் மேடம் சொல்றேன்."

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வண்டியேறினார். அதிகாரி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அவருடைய நாணயம் மாலைவரை மூன்றாம் பம்பின் மேலேயே நின்றது. கேட்டு வாங்க அவருக்கு வாய் வரவில்லை.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. இடமாற்றம் ரத்து செய்யப்படுகிறது. மாத அறிக்கைப் படிவம் மாற்றியமைக்கப்படுகிறது. இனி 'முன்தடுப்பு வேலை' என்றும் 'செய்தவர்' என்றும் இரண்டு கட்டங்கள் சேர்க்கப்படுகின்றன.

"ரத்து செய்யப்படுகிறதுன்னா யாரு பண்றாங்க?" என்றார் அக்கா. "பரவால்ல. அவங்க மெதுவா கத்துக்கட்டும்."

பலகையில் இன்னும் மின்னலின் படம்தான் இருக்கிறது. "அதையும் கேப்பேன்" என்றிருக்கிறார் அக்கா. இப்போது மின்னல் வாரம் ஒரு முறை கிரீஸ் டப்பாவும் ஒரு ஸ்க்ரூடிரைவருமாகச் சுற்றுகிறானாம். அவனுடைய பம்பு இரண்டு மாதமாகப் படுக்கவில்லை. படம் எடுக்க ஆளில்லாமல் போய்விட்டது என்று அக்காவிடம் வந்து சண்டை பிடித்தான்.

புதுப் படிவத்தின் முதல் அறிக்கையை நான் எழுதினேன். அந்த மாதம் இரண்டாம் நிலையத்துக்கு ஒன்றேகால் பக்கம் வந்தது. அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன். 'செய்தவர்' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திப் போட்ட கையெழுத்து, கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்கும் ஓரத்துக்கும் ஓடியது.

"கட்டத்துக்குள்ள போடும்மா" என்றார் எட்டிப் பார்த்த அதிகாரி.

"பன்னெண்டு வருஷம் சார். இந்தக் கட்டம் பத்தாது."

அவர் போனதும் அக்கா தாளை என் பக்கம் திருப்பினார். "கீழ உன் பேரப் போடு."

"எழுதறவன் பேருக்குக் கட்டம் இல்லையேக்கா."

"எனக்கும்தான் இல்லாம இருந்துச்சு. பதினோரு மாசம் என்னைய ஏதுமில்லன்னு எழுதினது யாருன்னு உன்ன வாசல்ல நிக்க வெச்சுக் கேக்க வேண்டியதாப் போச்சு. இனிமே நீ நல்லா எழுதினாலும் தெரியணும், தப்பா எழுதினாலும் தெரியணும். போடு."

அடி ஓரத்தில் 'எழுதியவர்' என்று நானே ஒரு கட்டம் போட்டேன். அப்பாவின் கட்டைவிரல் ரேகை எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு பெரிய கட்டம். அதை நிரப்பி என் பெயரை எழுதினேன்.